'ஓடாதது' என்றொரு ஃபோல்டர்

முன்னாடியே சொல்லிடறேன், கொஞ்சம் நீளமான பதிவு. பாதி கணினிச் சமாச்சாரம், பாதி கொசுவத்தி சுத்தல். கணினி பிடிக்காதவங்க பெரியப்பா வர்ற இடத்தை மட்டும் படிச்சுக்கலாம். கொசுவத்தி பிடிக்காதவங்க நம்பர் போட்டு எழுதியிருக்கிறதை மட்டும் எடுத்துக்கிட்டு நடையைக் கட்டலாம். நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.

2024 ஆவணி மாசம், ராத்திரி பத்து மணி இருக்கும். அக்கா போன் பண்ணுச்சு. அக்கான்னா பெரியப்பா பொண்ணு. பையனுக்குக் கல்யாணம் வெச்சிருந்தாங்க. பத்திரிகை, பந்தல், சமையல்காரர்னு பேசிக்கிட்டே வந்துட்டு திடீர்னு கேட்டுச்சு.

"ஏண்டா தம்பி, அப்பா பேசுறது எதுனா ஒண்ணு உன்கிட்ட இருக்குதா? அன்னிக்கு நாள் முழுக்க வீடியோ புடிச்சியே. வர்ற மருமவளுக்குக் காட்டலாம்னா ரேஷன் கார்டுல இருக்குற போட்டோதான் கெடக்குது."

எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. தேடிப் பாக்குறேன்கான்னு சொல்லி வெச்சுட்டேன். தேடுறதுக்கு என்ன இருக்கு? அந்த வீடியோவை அழிச்சதே நான்தானே!

சரி, கொசுவத்தியைப் பத்த வைக்கிறேன்.

எங்க ஊரு பழவேற்காடு ஏரிக்கரையில ஒரு குப்பம். சென்னைக்கு வடக்கால அறுபது கிலோமீட்டர் போல. ஒடிசாவுல இருக்குற சிலிகா ஏரிக்கு அடுத்தபடியா நாட்டுலயே பெரிய உவர்நீர் ஏரி எங்களுதுதான். பெரும்பகுதி ஆந்திராவுல கெடக்கு, தெற்கு ஓரம் நமக்கு. 1613-ல டச்சுக்காரன் கோட்டை கட்டின ஊரு. கோட்டை போயிடுச்சு, அவங்க கல்லறை மட்டும் பத்திரமா இருக்கு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விட்டா எங்க வீட்டு மொட்டை மாடியிலருந்தே பாக்கலாம். இதெல்லாம் வெளியூர்க்காரங்களுக்குச் சொல்ற பெருமை. வீட்டுக்குள்ள இருக்குற கதை வேற. உப்புக் காத்து. இரும்பு, போட்டோ, கேசட்டு, எதையும் அது விட்டு வைக்காது. பெரியப்பா கல்யாண ஆல்பம் பூஞ்சை பிடிச்சு, முகம் இருந்த இடத்துல வெள்ளை வெள்ளையா திட்டுதான் மிச்சம்.

அதனாலதான் 2009 பொங்கலுக்கு சித்தப்பா பையன் துபாய்லருந்து எச்.டி. ஹேண்டிகேம் கொண்டாந்தப்ப, மொதல்ல பெரியப்பாவைப் பிடிச்சு வெச்சுடணும்னு எனக்குத் தோணுச்சு. கேசட்டே கிடையாது. தபால் தலை சைஸுல 8 ஜி.பி. அட்டை, அதுல ரெண்டு மணி நேரப் படம். அந்த வயசுல எனக்கு அது மாயாஜாலம்.

பெரியப்பாவோட படகுல ஏறிட்டேன். விடியக்காலை, பனி, தூரத்துல பூநாரைக் கூட்டம். பெரியப்பா கோல் ஊன்றிப் படகைத் தள்ளிக்கிட்டே 'பாடு' பத்திச் சொன்னார். தெரியாதவங்களுக்கு: எங்க ஏரியில இறால் நல்லா கிடைக்கிற இடத்துல நினைச்சவன் நினைச்சப்ப வலை போட முடியாது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் மூணுக்கும் தலைமுறை தலைமுறையா வந்த முறை ஒண்ணு உண்டு. சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த இடம்னு முறை வெச்சு மாத்திக்குவாங்க. நல்ல இடம் ஒருத்தனுக்கே போயிடக் கூடாது, மோசமான இடம் ஒருத்தன் தலையிலயே விடியக் கூடாது. அந்த முறைக்குப் பேருதான் பாடு. இதை வெச்சு ஆராய்ச்சிக் கட்டுரையெல்லாம் எழுதியிருக்காங்க. பெரியப்பாவுக்கு அது சோத்துக் கணக்கு.

மொத்தம் நூறு நிமிஷம் போல எடுத்தேன். பன்னெண்டு துண்டு. வீட்டுக்கு ஓடி வந்து பொட்டியில போட்டேன்.

நம்ம பொட்டியைப் பத்திச் சொல்லணும். 2004-ல ரிச்சி தெருவுல பார்ட் பார்ட்டா வாங்கி அசெம்பிள் பண்ணது. பென்டியம் 4, 2.4 கிகாஹெர்ட்ஸ், 512 எம்.பி. ராம், 80 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. பாட்டு கேக்கும், டி.வி.டி. படம் வழுக்கிக்கிட்டு ஓடும். அட்டைக்குள்ள போய்ப் பாத்தா ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர், கடைசியா 'ஸ்ட்ரீம்'னு ஒண்ணு, அதுக்குள்ள 00000.எம்.டி.எஸ்., 00001.எம்.டி.எஸ்.னு வரிசையா உக்காந்திருக்கு. மீடியா பிளேயர் கைய விரிச்சிடுச்சு. வி.எல்.சி.யை இறக்கிப் போட்டேன். குரல் ஓடுது, படம் நிக்குது. பெரியப்பா கோலைத் தூக்கறார், அப்படியே சிலை. அஞ்சு செகண்டு கழிச்சு கோல் தண்ணிக்குள்ள. நடுவுல என்ன நடந்ததுன்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

அப்போ ஏன்னு புரியல, இப்போ புரியுது. டி.வி.டி.யில இருக்குறது எம்பெக்-2. பழைய முறை, பிரிக்கிறது சுலபம். இந்த மாதிரி கேமராவுல இருந்தது ஏ.வி.சி.எச்.டி. சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து 2006-ல கொண்டாந்தது. உள்ளே இருக்குறது எச்.264. இந்த எச்.264 எப்படின்னா, எங்க ஊர்ல மீன் கணக்கு சொல்ற மாதிரி. "இன்னிக்கு எவ்ளோ?"ன்னு கேட்டா முழுசா சொல்ல மாட்டாங்க. "நேத்து மாதிரிதான், மடவை ரெண்டு கூடை கம்மி"ன்னுவாங்க. நேத்து எவ்ளோன்னு தெரிஞ்சாத்தான் இன்னிக்குக் கணக்கு புரியும். எச்.264-லயும் முழுப் படம் எப்பவாவது ஒண்ணுதான். மத்ததெல்லாம் "முன்னாடி படம் மாதிரிதான், இந்தத் துண்டு மட்டும் இந்தப் பக்கம் நகர்ந்திருக்கு"ன்னு குறிப்பு. சிலது பின்னாடி வரப்போற படத்தையும் பாத்துச் சொல்லும். அதனாலதான் சின்ன அட்டையில அவ்ளோ படம் அடங்குது. ஆனா அந்தக் குறிப்பைப் படிச்சுப் படமா வரையற வேலை பூரா கணினி தலையில. என் கேமராவுல ஒரு படத்துக்கு 1440-க்கு 1080, அதாவது பதினஞ்சரை லட்சம் புள்ளி. செகண்டுக்கு 25 படம். கணக்குப் போட்டா செகண்டுக்குக் கிட்டத்தட்ட நாலு கோடிப் புள்ளி. இன்னிக்கு இருக்குற போன்ல இதுக்குன்னே தனியா ஒரு சில்லுப் பகுதி இருக்கு. என் பென்டியத்துல அது கிடையாது. பாவம், அது மனசுக்குள்ளயே கணக்குப் போட்டுச்சு.

வி.எல்.சி. செட்டிங்ல எச்.264-க்கு 'லூப் ஃபில்டர்' தவிர்க்கற வசதி ஒண்ணு உண்டு. அதைப் போட்டா படம் கொஞ்சம் கட்டம் கட்டமா தெரியும், ஆனா வேகம் ஏறும். ஏறுச்சு, ஆனா பத்தல. சரி, கன்வர்ட் பண்ணிடலாம்னு முடிவு பண்ணேன். இங்கதான் சனி பிடிச்சது.

எக்ஸ்பி-ல இருந்த மூவி மேக்கருக்கு எம்.டி.எஸ். தெரியாது. டி.வி. முறையில ஏ.வி.ஐ. கோப்பா மாத்திக் குடுத்தா தெரியும். இலவச மென்பொருள் ஒண்ணு பிடிச்சேன். பத்து நிமிஷப் படம் மாத்த ஒரு மணி நேரம் ஆச்சு. நடுவுல கரண்ட்டு போனா மறுபடி முதல்லருந்து. அந்தக் காலத்து ஊர்ப்பக்க கரண்ட்டு நிலவரம் உங்களுக்குச் சொல்லணுமா? தங்கமணி, "ராத்திரி முழுக்க அந்த மெஷினு இரையுது, குழந்தை தூங்கல"ன்னு முறைச்சாங்க. நாலு ராத்திரி இப்படியே ஓடுச்சு.

மாத்தின கோப்பு ஒரு மணி நேரத்துக்கு 13 ஜி.பி. பிடிக்கும். டிஸ்க்குல இடம் கிடையாது. அதனால ஒரு வழக்கம் வெச்சுக்கிட்டேன்: ஒரு துண்டு மாத்தி முடிச்சா, ஓட்டிப் பாத்துட்டு, மூலக் கோப்பை டெலீட். அது ஓடாத கோப்புதானே, வெச்சு என்ன பண்றதுன்னு நினைப்பு. அட்டை தம்பியுது. அவன் திரும்பிப் போறப்ப ஃபார்மேட் பண்ணி எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

பன்னெண்டுல பதினொண்ணு மாறிடுச்சு. ஒண்ணு மட்டும் அடம் பிடிச்சுது. 00007. இருபத்தாறு நிமிஷத் துண்டு. ரெண்டு மணி நேரம் ஓடி, சரியா 76 சதவீதத்துல வந்து நின்னுடும். மூணு தடவை பாத்தேன், மூணு தடவையும் 76. கோப்பே கெட்டுப் போச்சுன்னு முடிவு பண்ணி, டி டிரைவுல 'ஓடாதது'ன்னு ஒரு ஃபோல்டர் போட்டு அதுக்குள்ள தள்ளிட்டேன். அப்புறம் பாத்துக்கலாம்னு. நம்ம 'அப்புறம்' என்னிக்கு வந்துச்சு?

மத்த பதினொண்ணையும் வெட்டி ஒட்டி, டி.வி.டி. மூணு எரிச்சேன். பெரியப்பா வீட்டுல போட்டுப் பாத்தோம். எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் உறுத்தல். பெரியப்பா வலை வீசறப்ப கைக்கு சீப்புப் பல்லு மொளைச்சிருக்கு. அந்தக் கேமரா ஒத்தை வரிசைக் கோடு ஒரு கணம், ரெட்டை வரிசைக் கோடு அடுத்த கணம்னு எடுக்குறது. அதைப் பிரிச்சுச் சரி பண்ணாம நான் அப்படியே சுருக்கிட்டேன். புள்ளிக் கணக்குலயும் நாலுல ஒரு பங்குதான் மிச்சம். மீனைக் கருவாடு ஆக்கிட்டேன்னு வெச்சுக்குங்க. கருவாடு தப்பில்ல, ரொம்ப நாள் தாங்கும். ஆனா ஊறப் போட்டா மீனாயிடுமா?

அந்தக் கருவாடும் தாங்கல, அதுதான் கொடுமை. அந்த ஏ.வி.ஐ. கோப்பை எல்லாம், டி.வி.டி. எரிச்சாச்சேன்னு அழிச்சுட்டேன். 2013-ல பெரியப்பா தவறிட்டார். பதினாறாம் நாள் டி.வி.டி.யைப் போட்டப்ப பாதியில திக்கித் திக்கி நின்னுச்சு. மத்த ரெண்டும் எங்கேயோ போச்சு. அந்த ஒண்ணு இன்னிக்கும் இருக்கு. வெயில்ல காட்டினா வானவில் தெரியுது, வேற ஒண்ணும் தெரியல.

இப்போ 2024-க்கு வாங்க.

அக்கா போன் பண்ண மறுநாள் பரணையில ஏறினேன். பென்டியம் பொட்டி துருப்பிடிச்சு உக்காந்திருந்தது. உசுரு குடுக்கப் பாக்கல, பயம். டிஸ்க்கை மட்டும் கழட்டினேன். அகலமான பட்டை ஒயர் மாட்டுற காலத்து டிஸ்க்கு. அதை யு.எஸ்.பி.யா மாத்துற ஒயர் ஒண்ணு வாங்கி மாட்டினேன். டிக்... டிக்... னு ரெண்டு சத்தம். எனக்கு வயித்துல புளி கரைச்சுது. அப்புறம் பழைய மாதிரி 'உய்ங்ங்'னு சுத்த ஆரம்பிச்சுடுச்சு. மொதல்ல எதையும் திறக்கல. முழுசா புது டிஸ்க்குக்கு நகல் எடுத்தேன். அப்புறம்தான் உள்ள போனேன்.

டி டிரைவ். எம்.பி.3 பாட்டு. குழந்தை பொறந்தப்ப எடுத்த போட்டோ. 'ஓடாதது'. அதுக்குள்ள 00007.எம்.டி.எஸ்., ஒண்ணே முக்கால் ஜி.பி.

போனுக்கு அனுப்பித் தட்டினேன். டக்குனு ஓடுச்சு. திக்கல, திணறல, பதினஞ்சு வருஷமா இதுக்காகவே காத்துக்கிட்டிருந்த மாதிரி. பெரியப்பா படகு ஓரத்துல குந்திக்கிட்டு என்னைப் பாத்துப் பேசறார். ஆனா சத்தம் வரல. வாய் அசையுது, கை ஆட்டறார், ஒரு எழுத்து கேக்கல. சத்தியமா சொல்றேன், ஓடாம இருந்திருந்தாக்கூட அவ்ளோ கஷ்டமா இருந்திருக்காது.

அஞ்சு நிமிஷம் கழிச்சுதான் புத்தி வேலை செஞ்சுது. இந்தக் கோப்புல ஒலி டால்பி ஏ.சி.-3 முறையில இருக்கும். பல போன்ல கூடவே வர்ற பிளேயருக்கு அது தெரியாது. போன்லயே வி.எல்.சி. போட்டேன்.

"இன்னாடா, இன்னும் சுத்திக்கினே கீதா அது?"

அதான் மொதல்ல கேட்டது. போனைக் கீழ வெச்சுட்டு வாசல்ல போய்க் கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன்.

76 சதவீதக் கதையும் அன்னிக்குத்தான் விளங்குச்சு. என் டி டிரைவ் ஃபேட் 32. அதுல ஒரே கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. டி.வி. முறை ஏ.வி.ஐ. இருபது நிமிஷத்துல 4 ஜி.பி.யைத் தொட்டுடும். இருபத்தாறுல இருபது, கணக்கு சரியா 76. வீடியோ மேல ஒரு குத்தமும் இல்ல. கூடை சின்னது, அவ்ளோதான். நான் மீனைக் குத்தம் சொல்லிட்டேன்.

ஒழுங்கா மாறின பதினொண்ணும் போச்சு. மாறாம அடம் பிடிச்ச ஒண்ணுதான் மிச்சம். ஓடலைன்னு எழுதி ஒதுக்கி வெச்சதாலதான் அழிக்காம விட்டிருக்கேன். இதை நினைச்சா சிரிப்பு வருது, கூடவே வேற என்னமோ வருது.

உங்க வீட்டுலயும் இப்படி எம்.டி.எஸ். கோப்பு, பழைய கணினி இருக்கலாம். நான் பட்டதுல எடுத்தது இது:

1. அட்டையிலருந்து எடுக்குறப்ப எம்.டி.எஸ். கோப்பை மட்டும் பொறுக்காதீங்க. ஏ.வி.சி.எச்.டி. ஃபோல்டரை முழுசா நகல் எடுங்க. நீளமான காட்சியை கேமரா துண்டு துண்டா உடைச்சு வெச்சிருக்கும். எது எதோட சேரும்னு குறிப்பு மத்த ஃபோல்டர்லதான் இருக்கு.

2. ஓடலைன்னா மொதல்ல கணினியைச் சந்தேகப்படுங்க, கோப்பை அப்புறம். கொஞ்சம் புது மெஷின் எதுலயாவது போட்டுப் பாருங்க. பழைய மெஷின்லயே பாக்கணும்னா லூப் ஃபில்டரைத் தவிர்த்துப் பாருங்க, மத்த புரோகிராமை எல்லாம் மூடிடுங்க.

3. பேரு பிடிக்காத பிளேயருக்காக முழுசா கன்வர்ட் பண்ணாதீங்க. எஃப்எஃப்எம்பெக் மாதிரி மென்பொருள்ல படத்தைத் தொடாம வெளிப் பெட்டியை மட்டும் எம்.கே.வி.யா மாத்துற வழி இருக்கு. கூடை மாத்துற வேலை. மீன் அதே மீன். சில நிமிஷத்துல முடிஞ்சிடும், பழைய கணினியே தாங்கும், தரம் துளி குறையாது.

4. வெட்டி ஒட்டணும், ஆனா மெஷின் தாங்கலையா? சின்ன சைஸ் நகல் ஒண்ணு பண்ணி அதுல வேலை பாருங்க. ஹேண்ட்பிரேக் போதும். சுருக்கறதுக்கு முன்னாடி 'டீஇன்டர்லேஸ்' போட மறக்காதீங்க, இல்லேன்னா சீப்புப் பல்லு நிச்சயம். நகல் வேலைக்கு, மூலம் வெச்சுக்க.

5. மூலக் கோப்பை அழிக்காதீங்க. ரெண்டு டிஸ்க்கு, ரெண்டு இடம். உப்புக் காத்து ஊருன்னா ஒண்ணு ஊருக்கு வெளியே.

கல்யாணத்துக்கு மொத நாள் ராத்திரி அக்கா வீட்டு டி.வி.யில போட்டோம். சொந்தக்காரங்க இருபது பேரு, புது மருமகள், முன்னாடி நாற்காலியில பெரியம்மா. பெரியப்பா பெரிசா ஒண்ணும் பேசிடல. நான் கேக்குறேன், "நம்ம பாடு இல்லாத நாள்ல என்ன பண்ணுவ பெரியப்பா?" அவர் வலையைத் தூக்கிக் காட்டறார். "பாடு இல்லன்னா வலைய வித்துட்டா பூடுவாங்க? அலசணும், காயப் போடணும், கிழிஞ்ச கண்ணியக் கட்டி வெச்சிக்கினு குந்திக்கினு இருக்கணும். வரும்டா. அல்லாருக்கும் வரும்." அப்புறம், "போதும், அத்த மூடிட்டு இந்தக் கயித்தப் புடி." அவ்ளோதான். மீதி நேரம் வலை, தண்ணி, இறால்.

ரூம்ல ஒருத்தர் பேசல. மருமகப் பொண்ணு மட்டும் அக்கா காதுல ஏதோ கேட்டுச்சு, அக்கா தலையாட்டுச்சு.

பெரியம்மா டி.வி. கிட்ட எழுந்து போனாங்க. பெரியப்பா தோள் தெரியற இடத்துல விரல் வெச்சாங்க. சட்டை தோள்பட்டையில ஒரு கிழிசல், அதுல வேற கலர் நூல்ல தையல். ஒவ்வொரு தையலும் தனித்தனியாத் தெரியுது. அந்த டி.வி.டி. தரத்துல வெறும் சட்டையாத்தான் தெரிஞ்சிருக்கும்.

"கறுப்பு நூலு இல்லாம நீலத்துல போட்டேன்"னாங்க. "இருட்டுல எவன் பாக்கப் போறான்னு சொல்லிட்டு அதையே மாட்டிக்கினு போனாரு."

உங்க பரணையில பழைய டிஸ்க்கு ஏதாவது கெடந்தா, இந்த வாரமே இறக்கிப் பாருங்க மக்களே.